சூடோமோனாஸ் வெறும் மாவா?

பயிர்நோயைத் தடுக்க என்று டால்க் மாவில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவைக் கலந்து விற்கிறார்கள், அதை விதையில் பூசுவதும் விபூதி பூசுவதும் ஒன்றுதான் என்று ஒரு வாதம் சுற்றுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கோதுமை வயல்களில் மாவுமில்லை, பாக்கெட்டுமில்லை. ஒரே நிலத்தில் விடாமல் கோதுமை போட்டதில் 'டேக்-ஆல்' என்ற வேரழுகல் சில ஆண்டுகள் ஏறியது. பிறகு தானாகவே இறங்கியது. அந்த மண்ணைச் சூடேற்றி நுண்ணுயிர்களைக் கொன்றால் காப்பு போயிற்று. சூடேற்றாத அதே மண்ணில் கொஞ்சம் எடுத்து வேறு மண்ணில் கலந்தால் காப்பும் கூடவே வந்தது. வேரோரம் பெருகியிருந்தது சூடோமோனாஸ். அது சுரக்கும் டைஅசிட்டைல்புளோரோகுளுசினால் என்ற வேதிப்பொருள், வேரழுகலை உண்டாக்கும் பூஞ்சையை அடக்குகிறது. அதைச் சுரக்க முடியாதபடி மாற்றிய பாக்டீரியாவுக்கு அந்த வீரியம் இல்லை. விபூதியில் இப்படி ஒரு சோதனை செய்து காட்டட்டும்.

இதுபோக, சூடோமோனாஸ் மண்ணிலுள்ள இரும்பைப் பூஞ்சைக்கு முன்பே பிடித்துக்கொள்கிறது. வேரில் இருந்தபடியே இலைகளையும் நோய்க்கு எதிராக உஷார்ப்படுத்துகிறது.

பிறகு ஏன் பலருக்குப் பலிக்கவில்லை? தகரக் கூரைக்கடியில் வெந்துகிடந்த, காலாவதியான பாக்கெட்டை வாங்கி, தாமிர மருந்தோடு ஒரே டேங்கில் கலந்து, நெல்லில் குலைநோய் வயல் முழுக்கப் பரவிய பிறகு தெளித்தால் எப்படிப் பலிக்கும்? கிலோவுக்கு 10 கிராம் வீதம் விதையிலேயே சேர்க்கவேண்டியது அது. கோபப்பட வேண்டுமென்றால் செத்த சரக்கை விற்பவர்மேல் படுங்கள்.