சுறாவுக்கு வீசும் வலையில் சிக்கும் சாளை மீன்கள்! வயது சோதனை சட்டத்தால் சின்ன இணையதளங்களுக்கு வருது சிக்கல்

மாரியூர்:

ராமநாதபுரம் மாவட்டம் கடலாடி தாலுகாவில் உள்ள மாரியூர் பூவேந்தியநாதர் கோவிலில் சித்திரை திருவிழாவின்போது வலை வீசும் படலம் நடக்கும். அட்டகாசம் செய்த சுறாவை சிவபெருமானே மீனவராக வந்து வலை வீசிப் பிடித்தார் என்பது ஐதீகம். சுறாவுக்கு வீசினார், சுறாதான் சிக்கியது.

டெல்லியில் இருந்து இப்போது வீசப்படும் வலை அப்படி இல்லை. தனிநபர் தகவல்களை பாதுகாக்க வந்த சட்டத்தில், சுறாக்கள் தப்பித்து சாளை மீன்கள் மாட்டிக் கொள்ளும் போல தெரிகிறது.

இது குறித்த விவரம் வருமாறு:-

மத்திய அரசு 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்பு சட்டத்தை கொண்டு வந்தது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கிய விதிகள் அமலுக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது. அதாவது 2027 மே மாதம்.

இந்த சட்டத்தின் 9-வது பிரிவுதான் விஷயமே. 18 வயது ஆகாத ஒருவரின் பெயர், போன் நம்பர் என எதை வாங்கி வைப்பதாக இருந்தாலும் பெற்றோரின் சம்மதம் வேண்டும். சும்மா "அப்பா சரின்னு சொல்லிட்டாரு" என்றால் செல்லாது. சம்மதம் தந்தவர் வயது வந்தவர்தானா என்று ஆதாரத்துடன் சரிபார்க்க வேண்டும். மீறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை!

அமெரிக்காவில் இதேபோன்ற சட்டத்துக்கு வயது வரம்பு 13. ஐரோப்பாவில் நாட்டுக்கு நாடு 13 முதல் 16. நம்ம ஊரில் 18. காலேஜில் சேர்ந்துவிட்ட 17 வயது பையனும் இந்த கணக்கில் குழந்தைதான்.

"எல்லோருடைய வயதையும் சோதனை போடு" என்று சட்டத்தில் நேரடியாக ஒரு வரி கிடையாது. ஆனால் வந்திருப்பது குழந்தையா, பெரியவரா என்று தெரியாமல் யாரிடம் போய் பெற்றோர் சம்மதம் கேட்பது? ஆக, வருகிற எல்லோரிடமும் வயதைக் கேட்டே ஆகவேண்டிய நிலைமை.

சரி, இதனால் சின்னவர்களுக்கு என்ன?

பேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப் போன்ற பெரிய கம்பெனிகளுக்கு இது ஒரு செலவு, அவ்வளவுதான். அவர்களிடம் வக்கீல்கள் பட்டாளமே இருக்கிறது. தன்னிடம் ஏற்கனவே கணக்கு வைத்துள்ள அப்பா, அம்மா விவரத்தை வைத்தே சரிபார்த்துக் கொள்ள விதியில் வழியும் இருக்கிறது. அப்படி எந்த விவரமும் கையில் இல்லாதவர்கள், டிஜிலாக்கர் போன்ற அரசு அங்கீகாரம் பெற்ற வழியில் போக வேண்டும். அல்லது அடையாள சான்று கேட்க வேண்டும்.

இப்போது மாரியூர் பக்கம் ஒரு பட்டதாரி இளைஞர் இருக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். கடலோர கிராமத்து பிள்ளைகள் பாட சந்தேகம் கேட்க, பழைய கேள்வித்தாள் பரிமாறிக் கொள்ள சொந்தக் காசில் ஒரு இணையதளம் நடத்துகிறார். உறுப்பினர்கள் 200 பேர். வருமானம் பூஜ்யம். அவருக்கும் இதே 9-வது பிரிவுதான்.

சொந்தபந்தங்களுக்குள், வீட்டு உபயோகத்துக்கு என்றால் சட்டம் பொருந்தாது. கல்வி நிறுவனங்களுக்கு சில சலுகைகள் உண்டு. ஆனால் ஒரு தனி ஆள் சேவையாக நடத்துவதை கல்வி நிறுவனம் என்று ஒத்துக் கொள்வார்களா என்பது சந்தேகமே.

வேடிக்கை என்னவென்றால், சின்ன நிறுவனங்கள், ஸ்டார்ட் அப்களுக்கு விலக்கு தர 17-வது பிரிவில் தனியாக இடம் வைத்திருக்கிறார்கள். எந்தெந்த பிரிவில் இருந்து விலக்கு என்று அங்கே ஒரு பட்டியலும் இருக்கிறது. அதில் 9-வது பிரிவு இல்லை. அதாவது கூகுளுக்கும் நம்ம மாரியூர் தம்பிக்கும் ஒரே சட்டம், ஒரே உச்சவரம்பு அபராதம். சின்ன ஆள் மீது 200 கோடி போட மாட்டார்கள், ஆளின் நிலைமையை பார்த்துத்தான் தண்டம் என்று சட்டமே சொல்கிறது. இருந்தாலும் அந்த எண்ணைப் படித்த பிறகு எவருக்கு தைரியம் வரும்?

இதில் கடற்கரை ஊர்களுக்கே உரிய இன்னொரு தலைவலியும் இருக்கிறது. டிஜிலாக்கர் திறக்க ஆதாருடன் இணைந்த செல்போன் வேண்டும், அதற்கு ஓ.டி.பி. வரும். பல வீடுகளில் அந்த நம்பர் அப்பாவிடம் இருக்கும். அப்பா கடலுக்குப் போயிருப்பார், இல்லாவிட்டால் சவுதியிலோ துபாயிலோ இருப்பார். பாட்டி வீட்டில் வளரும் பிள்ளைகள் எத்தனையோ பேர். கணக்கு பாடத்தில் ஒரு சந்தேகம் கேட்க இவ்வளவு பாடு பட வேண்டுமா? அந்த பிள்ளை என்ன செய்யும்? "எனக்கு 18 ஆச்சு" என்று ஒரு தட்டு தட்டிவிட்டு உள்ளே போகும். இது எல்லா வீட்டிலும் நடக்கிற கதைதானே!

இன்னொரு ஆபத்து, தளம் நடத்துகிறவர் பயந்துபோய் ஆதார் நகல் கேட்க ஆரம்பிப்பது. பாதுகாப்பு வசதி எதுவும் இல்லாத ஒரு தனி ஆளின் கம்ப்யூட்டரில் 200 குடும்பங்களின் ஆதார். தகவலை பாதுகாக்க வந்த சட்டத்தால் தகவல் திருட்டுக்கு புது வாசல்!

இங்கிலாந்தில் நடந்தது

இது கற்பனை பயம் அல்ல. இங்கிலாந்தில் 2023-ல் வந்த ஆன்லைன் பாதுகாப்பு சட்டம் சின்ன தளங்களையும் விட்டு வைக்கவில்லை. அபராதம் 1 கோடியே 80 லட்சம் பவுண்டு வரை, நம்ம காசுக்கு 200 கோடிக்கு மேல். பெரிய கம்பெனி என்றால் வருமானத்தில் 10 சதவீதம் வரை.

லண்டன் சைக்கிள் பிரியர்கள் 2007 முதல் கூடிப் பேசி வந்த ஒரு தளம், சட்டத்துக்கு பயந்து மூடப் போவதாக 2024 டிசம்பரில் அறிவித்தது. பிறகு ஒருவழியாக பிழைத்துக் கொண்டது. வெள்ளெலி வளர்ப்பவர்கள் நடத்திய தளம் மூடப்பட்டு, அங்கே இருந்தவர்களை இன்ஸ்டாகிராமுக்கு வரச் சொன்னார்கள். வெள்ளெலி பற்றி பேசியவர்களால் எந்த குழந்தை கெட்டது என்று தெரியவில்லை. எந்த கம்பெனியை அடக்க சட்டம் வந்ததோ, அதே கம்பெனிக்கு ஆள் பிடித்துக் கொடுத்ததுதான் மிச்சம்.

ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான தடை 2025 டிசம்பர் 10-ந் தேதி அமலுக்கு வந்தது. அங்கே பேஸ்புக், டிக்டாக், யூடியூப் என பெரிய 10 தளங்களின் பெயரைச் சொல்லித்தான் தொடங்கினார்கள். சம்மதம் வாங்க வேண்டிய வேலையே கிடையாது, கணக்கே கூடாது. கெடுபிடி அதிகம்தான், ஆனால் குறி பெரிய மீனுக்கு.

அதே மாதம் ஐகோர்ட்டு மதுரை கிளையில், ஆபாச தளங்களில் இருந்து சிறுவர்களை காக்கக் கோரி 2018-ல் தொடரப்பட்ட பொதுநல வழக்கில் நீதிபதிகள் ஜி.ஜெயச்சந்திரன், கே.கே.ராமகிருஷ்ணன் ஆகியோர், ஆஸ்திரேலியா போல சட்டம் கொண்டு வருவது பற்றி மத்திய அரசு பரிசீலிக்கலாம் என்று யோசனை தெரிவித்தனர். ராமநாதபுரம் மாவட்டமும் மதுரை கிளைக்கு உட்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

நீதிபதிகளின் கவலை நியாயமானது. ராத்திரி 2 மணி வரை ரீல்ஸ் பார்த்துவிட்டு காலையில் பள்ளிக்கூட பெஞ்சில் தூங்கும் பிள்ளைகளை எல்லோரும் பார்க்கிறோம். ஆனால் அந்த பிள்ளையை தூங்கவிடாமல் செய்வது கேள்வித்தாள் பரிமாறும் தளம் இல்லையே. அடுத்தடுத்து வீடியோவை தானாக தள்ளிவிடும் பெரிய கம்பெனிகளின் மெஷின் அல்லவா?

மீன் பிடிப்பில் வலைக்கண்ணி இவ்வளவு அளவுக்கு குறையக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். குஞ்சு மீன்கள் தப்பிக்கட்டும் என்பதற்காக. அந்த புத்தி இந்த சட்டத்துக்கு ஏன் வரவில்லை?

வழி இல்லாமல் இல்லை. சட்டம் அமலுக்கு வந்த 5 ஆண்டுகளுக்குள் எந்த வகை நிறுவனத்துக்கும் எந்த பிரிவில் இருந்தும் விலக்கு தர மத்திய அரசுக்கு அதே 17-வது பிரிவில் வேறொரு இடத்தில் அதிகாரம் இருக்கிறது. லாப நோக்கம் இல்லாத, இத்தனை பேருக்கு குறைவான உறுப்பினர் கொண்ட தளங்களுக்கு விலக்கு என்று ஒரு அறிவிப்பு போதும். அதை நம்ம எம்.பி.க்கள் கேட்கலாம்.

அதுவரை, ஊரில் இப்படி தளம் நடத்துகிறவர்கள் ஒரு வேலையை இப்போதே செய்யலாம். தேவை இல்லாமல் வாங்கி வைத்திருக்கும் பிறந்த தேதி, போட்டோ, ஆதார் நகல் எல்லாவற்றையும் அழித்து விடுங்கள்.