அறைக்குள் ஓர் இசைக்குழு

திண்டுக்கல்லை அடுத்த சித்தையன்கோட்டை போன்ற ஊர்களிலும் கிதார் ஆசை கொண்ட பிள்ளைகள் இருக்கக்கூடும். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தாமே வாசித்துத் தாமே ஒலிப்பதிவு செய்யும் பிள்ளையைக் கண்டு, “படிப்புக் கெடுமே!” எனப் பெற்றோர் கலங்குவது இயல்பே. கலங்குமுன் அம்முயற்சியின் தன்மையை அறிவோம்.

முதலில் தாளத்துக்கு இசைய ஒரு பகுதியைப் பதிவர். பின்னர் அதைக் காதில் கேட்டவாறே அடுத்த பகுதியை அதன்மேல் இணைப்பர். இவ்வாறு ஒருவரே இசைக்குழுவாகிறார். அமெரிக்கரான லெஸ் பால் 1948-இல் வெளிவந்த ‘லவர்’ இசைத்தட்டில் எட்டு கிதார் பகுதிகளையும் தாமே வாசித்தார். பதிவு நிகழ்ந்தது அவர் வீட்டுக் கார் கொட்டகையில். புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நான்கு தடக் கேசட் கருவியில் வீட்டிலேயே பதிந்த பாடல்கள் 1982-இல் ‘நெப்ராஸ்கா’ என வெளிவந்தன. அன்று அரிதாயிருந்த அவ்வசதி இன்று கைப்பேசியிலேயே உண்டு.

ஆயினும் கருவி மட்டும் கலைஞனை உருவாக்காது. பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா நாட்டுப்பாடல் கேட்டு வளர்ந்தவர். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டிசை பயின்றார். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிதார் தேர்விலும் தேறினார். பல ஊற்றுகள் கூடியே அவ்வாறு பெருகியது.

தாளம் பிசகினால் பதிவு காட்டிக்கொடுக்கும். மீண்டும் வாசிக்கச் செய்யும். அப்பொறுமை படிப்புக்கும் துணையாகும். ஆனால் தனித்தே வாசிப்பவர், வேண்டியபோது நிறுத்தித் தொடங்கப் பழகிவிடுவர். பிறர் குரலுக்கு இடம்விடும் பண்பு கூடி இசைக்கையிலேதான் வரும்.

ஆகவே பெற்றோரே, நேரத்தை வரையறுங்கள். பிள்ளை பதிந்ததை உடனமர்ந்து கேளுங்கள். ஞாயிறன்று பங்கின் பாடகர் குழுவுக்கும் அனுப்பி வையுங்கள்.