இரவல் பாத்திரங்களும் நம் ஆண்டு மலரும்

நம் சங்கத்தின் ஆண்டு மலரைப் புரட்டிப் பார்க்கும் அன்பர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். விளம்பரங்கள், நிர்வாகிகளின் புகைப்படங்கள், பிரமுகர்களின் வாழ்த்துச் செய்திகள் இவற்றையெல்லாம் கழித்துவிட்டால் எஞ்சுவது சில பக்கங்களே. அந்தச் சில பக்கங்களையும் நிரப்புகிறவர்கள் பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். கொல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், வெளியில் வங்காளமும் இந்தியும் சரளமாகப் பேசுகிறார்கள், எழுதுவது ஆங்கிலத்தில். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பள்ளிக்கூடத்தில் சொல்லித் தராத எழுத்தை, எழுத வேண்டிய அவசியமும் இல்லாதபோது, எதற்காக எழுதுவார்கள்? ஆனால் இதே நிலை நீடித்தால் இன்னும் பத்தாண்டுகளில் மலருக்கு எழுத ஆள் இருக்காது, படிக்கவும் ஆள் இருக்காது. விளம்பரங்கள் மட்டும் இருக்கும்.

ஒரு யோசனை சொல்கிறேன். "கதை, கவிதை, கட்டுரைகள் வரவேற்கப்படுகின்றன" என்ற வழக்கமான வேண்டுகோளை இந்த முறை விட்டுவிடுவோம். எல்லோருக்கும் ஓரளவு தெரிந்த பழைய நாவல் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் பாத்திரங்களை வைத்து நம் குடும்பங்களே புதுக் கதைகள் எழுதி, அவற்றை ஒரே தொகுப்பாக வெளியிடுவோம். மேலை நாடுகளில் இதற்கு ஃபேன் ஃபிக்‌ஷன் என்று பெயர். நாம் ரசிகர் கதை என்று சொல்லிக்கொள்ளலாம். இளைஞர்களிடம் சொன்னால் விளக்கம் கேட்க மாட்டார்கள்; ஹாரி பாட்டரை வைத்து ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தவர்கள் அவர்களில் உண்டு. பெரியவர்கள்தான் முகம் சுளிக்கிறார்கள். சொந்தமாகக் கற்பனை செய்யத் தெரியாதவன் செய்கிற வேலை என்பது அவர்கள் கட்சி.

அந்தக் கட்சியில் நான் இல்லை. கம்பரின் யுத்த காண்டத்தில் உள்ள இரணியன் வதைப் படலம் வால்மீகியில் கிடையாது. வீடணன் வாயால் இராவணனுக்கு அந்தக் கதையைச் சொல்ல வைத்தது கம்பரின் வேலை. புதுமைப்பித்தன் 1943-இல் சாப விமோசனம் எழுதினார். அகலிகை, கோதமன், சீதை எவருமே அவர் படைத்தவர்கள் அல்லர். சீதை தீக்குளித்த செய்தியைக் கேட்ட அகலிகை மறுபடியும் கல்லாகிறாள் என்பது மட்டும் அவருடையது. அந்த 'மட்டும்' போதாதா? கல்கியின் பொன்னியின் செல்வன் 1950-இல் தொடங்கி 1954-இல் முடிந்தபோது, முடிவு திருப்தியாக இல்லை என்று குறைப்பட்டுக்கொண்ட வாசகர்களுக்காக அவர் முடிவுரை எழுத வேண்டியிருந்தது. பிற்பாடு அமுதசுரபி ஆசிரியர் விக்கிரமன் அதன் தொடர்ச்சியாக நந்திபுரத்து நாயகி எழுதினார். அதை வாரி வாரிப் படித்தவர்கள்தாம் இன்று இரவல் கதை என்று முகம் சுளிக்கிறார்கள்.

ஊர் கூடி ஒரு காரியம் செய்வது எப்படி என்பதை இந்த ஊரில் இருந்துகொண்டு நாம் வேறெங்கும் போய்க் கற்க வேண்டியதில்லை. ஹூக்ளி மாவட்டத்துக் குப்திபாராவில் 18-ஆம் நூற்றாண்டில் நண்பர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து பணம் வசூலித்துப் பொதுப் பூஜை ஒன்று நடத்தினார்கள் என்று சொல்வார்கள். அதுவரை பூஜை என்பது ஜமீன்தார் வீட்டுச் சமாசாரம். 'பாரோ' என்றால் பன்னிரண்டு, 'யார்' என்றால் நண்பன்; அதிலிருந்து வந்ததுதான் பாரோயாரி என்ற சொல். 1920களில் வங்க எழுத்தாளர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு நாவல் எழுதி, அதற்கும் 'பாரோயாரி உபன்யாஸ்' என்றே பெயர் வைத்தார்கள். சந்தா கொடுப்பவன், மூங்கில் கட்டுபவன், பந்தலில் பிரசாதம் பரிமாறுபவன் எல்லோருக்கும் அது 'நம்ம பூஜை'. நம் மலர் இன்று ஜமீன்தார் வீட்டுப் பூஜை மாதிரி இருக்கிறது.

ஆனால் பாரோயாரிக்காரர்களும் ஓரிடத்தில் முட்டிக்கொண்டார்கள். 2007-இல் சால்ட் லேக்கில் ஒரு துர்கா பூஜைக் குழு ஹாரி பாட்டரின் ஹாக்வார்ட்ஸ் பள்ளியைப் போலப் பந்தல் போட்டது. எழுத்தாளர் ரவுலிங்கும் வார்னர் பிரதர்ஸ் நிறுவனமும் டில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய் 20 லட்சம் ரூபாய் இழப்பீடு கேட்டார்கள். பூஜை முடியும் வரை பந்தல் இருக்கலாம், இழப்பீடு கிடையாது, இனிமேல் அனுமதி இல்லாமல் செய்யக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 2003-இல், உத்தம் கோஷ் என்பவர் ஹாரி பாட்டரைக் கல்கத்தாவுக்கு வரவழைத்து வங்க இலக்கியப் பாத்திரங்களைச் சந்திக்க வைத்து ஒரு புத்தகம் எழுதியிருந்தார். வக்கீல் கடிதம் வந்ததும் பதிப்பாளர் விற்பனையை நிறுத்திக்கொண்டார். ஆகவே, பிள்ளைகள் எவ்வளவு கேட்டாலும் ஹாரி பாட்டர் வேண்டாம். வீட்டுக்குள் எழுதிப் படித்துச் சிரிக்கலாம். விளம்பரம் வாங்கி அச்சிட்டு விற்கும் மலரில் போடக் கூடாது.

அப்படியானால் யாரை எடுப்பது? நம் நாட்டில் ஒரு நூலின் பதிப்புரிமை ஆசிரியரின் ஆயுட்காலமும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். முன்பு 50 ஆண்டுகளாக இருந்தது. தாகூரின் உரிமை 1991 முடிவோடு தீர இருந்த சமயத்தில் பத்து ஆண்டு கூட்டினார்கள். இந்தக் கணக்குப்படி 2008-இல் காலமான சுஜாதாவின் கணேஷையும் வசந்தையும் 2068 முடியும் வரை குடும்பத்தாரின் அனுமதி இல்லாமல் தொடாமல் இருப்பதே நல்லது. விக்கிரமன் காலமானது 2015-இல். அவர் புதிதாகப் படைத்த பாத்திரங்களும் அப்படியே. தேவன் 1957-இல் மறைந்ததால் துப்பறியும் சாம்பு 2018 முதல் பொதுச் சொத்து. எனக்குச் சாம்புவின் மேல் ஆசைதான். ஆனால் சாம்பு ஒரே ஆள். இருபது குடும்பங்கள் அவன் ஒருவன் மேலேயே விழுந்தால் இருபது கதையும் ஒரே கதையாகிவிடும். (கோபுலு வரைந்த சாம்பு படங்களை எடுத்துப் போடலாமே என்று யாரேனும் கிளம்பினால், படத்துக்கு உரிமை தனி. கோபுலு 2015 வரை இருந்தவர். படங்களை நம் பிள்ளைகளே வரையட்டும்.)

பொன்னியின் செல்வன்தான் பொருத்தம் என்பது என் துணிபு. கல்கியின் நூல்கள் 1999-இல் நாட்டுடைமையாகிவிட்டன. சட்டச் சிக்கல் இல்லை. அதைவிட முக்கியம், ஊர்த் திருவிழாவைப் போல அதில் அத்தனை பேர் இருக்கிறார்கள். வந்தியத்தேவனையும் குந்தவையையும் விட்டுவிட்டு ஓரத்தில் நிற்பவர்களைப் பாருங்கள். கோடிக்கரைக் கலங்கரை விளக்கத்தைக் காக்கும் தியாகவிடங்கர் இரவெல்லாம் என்ன நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்? அவர் மகன் முருகய்யன், மருமகள் ராக்கம்மாள் குடித்தனம் எப்படி நடந்தது? வருகிறவர்களுக்கெல்லாம் பலன் சொன்ன குடந்தைச் சோதிடர் தம் ஜாதகத்தைப் பார்த்ததுண்டா? வைத்தியர் மகன் பினாகபாணிக்கு அவன் பக்கத்து நியாயம் ஒன்று இருந்திருக்காதா? ஒவ்வொருவருக்கும் ஒரு கதை கிடைக்கும். ஒரு குடும்பம் ஒரு பாத்திரம் என்று சீட்டுக் குலுக்கிக் கொடுத்துவிட்டால் தகராறு இல்லை.

இங்கே ஒரு பெரிய தகராறு காத்திருக்கிறது. அதை முன்கூட்டியே தீர்த்துவிட வேண்டும். நம் பிள்ளைகள் நாவலைப் படித்தவர்கள் அல்லர். 2022-இலும் 2023-இலும் வந்த மணிரத்னத்தின் படங்களைப் பார்த்தவர்கள். நாவலில் நந்தவனத்தில் பூத்தொடுத்துக்கொண்டிருந்த சேந்தன் அமுதன்தான் உண்மையான சோழ குலப் பிள்ளை என்று தெரியவந்து, பூங்குழலியை மணந்து, உத்தம சோழனாக முடிசூடுகிறான். படத்தில் அந்தப் பிள்ளை மாற்றமே கிடையாது, மதுராந்தகனே அரசனாகிறான். ஒரு வீட்டுக் கதையில் சேந்தன் அமுதன் சிம்மாசனத்தில், அடுத்த வீட்டுக் கதையில் அவன் நந்தவனத்திலேயே இருந்தால் தொகுப்பு எப்படி உருப்படும்? என் தீர்ப்பு: நாவலே ஆதாரம். படத்தின் வசனமோ பாட்டோ உடையலங்காரமோ வேண்டாம். அவற்றுக்கு வேறு சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். யார் எந்த ஊர், யாருக்கு யார் என்ன உறவு, முடிவில் யார் எங்கே இருக்கிறார்கள் என்பதையெல்லாம் நான்கு பக்கத்தில் எழுதி எல்லா வீட்டுக்கும் முதலிலேயே கொடுத்துவிட வேண்டும். நாவல் பேசாத இடங்களில் எழுதுகிறவர் ராஜா.

ஐந்து பாகமும் படித்தால்தான் எழுதலாம் என்று நிபந்தனை போட்டால் ஒருவரும் வரமாட்டார்கள். தமக்குக் கிடைத்த பாத்திரம் வருகிற அத்தியாயங்களை மட்டும் படித்தால் போதும். அதையும் பிள்ளை தானாகப் படிக்க வேண்டாம். தாத்தாவோ பாட்டியோ அம்மாவோ வாசித்துக் காட்டட்டும். கதை தனி ஒருவர் பெயரில் வரக் கூடாது. வீட்டில் ஒரு பெரியவர், ஒரு சிறியவர், இருவர் பெயரும் இருக்க வேண்டும். பிள்ளை வாயால் தமிழில் சொல்ல, பெரியவர் எழுதலாம். கடைசிப் பத்து வரி மட்டும் பிள்ளை தன் கையாலேயே தமிழில் எழுத வேண்டும். அதை அச்சுக் கோக்காமல் கையெழுத்துப் படியாகவே வெளியிட வேண்டும். ரகர றகரத் தகராறு அதில் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும், அதைத் திருத்த நினைக்கும் புலவர்கள் மற்ற பக்கங்களைத் திருத்தட்டும். பெரியவர் இல்லாத வீடுகளும் உண்டு, பிள்ளை இல்லாத வீடுகளும் உண்டு. லேக் மார்க்கெட் பக்கத்தில் தனியாக இருக்கும் மூத்த தம்பதிகளையும், ராஜர்ஹாட் பக்கம் வேலைக்கு வந்திருக்கும் இளம் குடும்பங்களையும் சேர்த்துவைக்க இதைவிட நல்ல சாக்கு எனக்குத் தெரியவில்லை.

பரிசு வேண்டாம். முதல் பரிசு என்று அறிவித்த மறுநாளே சில அப்பாக்கள் தாமே எழுதிப் பிள்ளை பெயரில் அனுப்பிவைப்பார்கள். அந்தப் பத்து வரியையும் மூன்று முறை நகலெடுக்க வைப்பார்கள். ஆசிரியர் குழு என்று ஒன்பது பேரைப் போடவும் வேண்டாம். தொகுப்பாசிரியர் ஒருவர் போதும். கதையைச் சுருக்க அவருக்கு முழு உரிமை, நிராகரிக்க உரிமை இல்லை. சரியில்லாத கதையை அந்த வீட்டுக்கே போய் உட்கார்ந்து சரிசெய்து வாங்கிவர வேண்டும். பொறுமைசாலி ஒருவரைச் செயற்குழு தேடட்டும். அட்டையில் கல்கியின் பெயர் பெரிதாகவும், இவை அவர் எழுதியவை அல்ல என்ற குறிப்பு அதன் கீழேயும் இருக்க வேண்டும்.

ஒன்று பாக்கி. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாசனையும் அவன் சகோதரர்களையும் சொல்கிறது; கல்கியோ அந்த இருட்டறையில் பலரை நிறுத்திவைத்து, கத்தி யார் கையில் இருந்தது என்பதைக் கடைசிவரை மங்கலாகவே விட்டுவிட்டார். எல்லோருக்கும் அதைத்தான் எழுத ஆசை வரும். எழுத விட்டால் இருபது கதையும் கடம்பூர் மாளிகைக்குள்ளேயே அடைபட்டுவிடும். 1931-இல் இங்கிலாந்தில் அகதா கிறிஸ்டி, டோரதி சேயர்ஸ் முதலானோர் சேர்ந்து, தி ஃப்ளோட்டிங் அட்மிரல் என்ற துப்பறியும் நாவலை ஆளுக்கு ஓர் அத்தியாயமாக எழுதியபோது ஒரு விதி வைத்துக்கொண்டார்கள். புதிரைக் கிளப்பிவிட்டு அடுத்தவர் தலையில் கட்டக் கூடாது என்பதற்காக, அத்தியாயத்தோடு தம் மனத்திலுள்ள விடையையும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அந்த விடைகளையெல்லாம் புத்தகத்தின் பின்னால் அச்சிட்டார்கள். நாமும் கொலையைக் கதைகளில் விலக்கிவிட்டு, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பக்க விடையை மட்டும் ஒட்டிய உறையில் வாங்கிக்கொள்வோம். புத்தகம் அச்சுக்குப் போகும் நாளில் பிரித்து, கடைசிப் பக்கங்களில் அப்படியே போட்டுவிடலாம். ஒரே வீட்டில் இரண்டு விடை இருந்தால் இரண்டு உறை கொடுக்கலாம்.