கேட்க மறுத்த தேசம்

ஆஸ்திரேலிய வரலாற்று நூல்களில் அந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கு அநேகமாக இடமே இல்லை என்பதை 1968இல் நாடறியச் சொன்னவர் மானிடவியலாளர் டபிள்யூ. இ. எச். ஸ்டானர். ஏபிசி வானொலியில் அவர் ஆற்றிய பாயர் உரைகளில் இரண்டாவதன் தலைப்பு ‘ஆஸ்திரேலியப் பெருமௌனம்’. பெயர்பெற்ற நூல்களை ஒவ்வொன்றாக எடுத்துவைத்து, ஒரு நாடே பழகிக்கொண்ட மறதி இது என்று காட்டினார். பின்னால் ஹென்றி ரெனால்ட்ஸ் போன்ற வரலாற்றாசிரியர்கள் குடியேற்ற எல்லைகளில் சிந்திய ரத்தத்தை ஆவணங்களிலிருந்து எழுத்தில் கொண்டுவர அந்த உரை பெரிய தூண்டுகோலாயிற்று.

ஸ்டானருக்கு அந்தத் தெளிவைத் தந்தது களம். 1932இல் டேலி ஆற்றுப் பகுதியில் டர்முகம் என்ற பூர்வகுடி மனிதரைச் சந்தித்தார். கொலைகாரன் என்று வெள்ளையர் பேசிக்கொண்டவர் அவர். ஸ்டானர் எழுதிய கட்டுரையிலோ, தம் முன்னோர் வகுத்த நெறியை உயிராகப் போற்றி, இளையவர்கள் அதை மதியாதது கண்டு மனம் நொந்த ஒருவரைப் பார்க்கிறோம். உறவுமுறை அட்டவணைகளுக்குள் பூர்வகுடிகளை அடக்கிவந்த துறையில் இது அரிய காரியம்.

ஆனால் பூர்வகுடிகள் ஒருபோதும் வாய்மூடி இருந்ததில்லை. வெள்ளையர் வந்திறங்கிய 150ஆம் ஆண்டு விழா நடந்த 1938 ஜனவரி 26 அன்று, வில்லியம் கூப்பரும் தோழர்களும் சிட்னியில் துக்க நாள் கூட்டம் நடத்தி உரிமை கேட்டார்கள். 1963இல் யிர்க்கலாவின் யோல்ங்கு மக்கள், தங்கள் நிலத்தில் பாக்சைட் தோண்டுவதை எதிர்த்து நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார்கள். இரு மொழிகளில் தட்டச்சு செய்த தாளை மரப்பட்டையில் ஒட்டி, சுற்றிலும் தம் குலச் சித்திரங்களைத் தீட்டியிருந்தார்கள். அந்த நிலத்துக்கான வழக்கில் ஸ்டானர் அவர்களுக்காகச் சாட்சி சொன்னார். அவர்களிடம் நுட்பமான சட்டமுறை உண்டு என்று ஒப்புக்கொண்ட நீதிபதி பிளாக்பர்ன், நிலம் அவர்களுடையது என்று தீர்ப்பளிக்க 1971இல் மறுத்துவிட்டார். ஆஸ்திரேலியா ‘யாருக்கும் சொந்தமில்லாத நிலம்’ என்ற பொய் உயர் நீதிமன்றத்தில் விழ 1992இன் மாபோ தீர்ப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பூர்வகுடிகள் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவந்ததை ஒரு வெள்ளைப் பேராசிரியர் சொன்ன பிறகே அந்த நாடு காதில் வாங்கியது. ஸ்டானரின் பெருமையும் அந்த நாட்டின் சிறுமையும் இதில்தான் இருக்கின்றன. நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லும் பூர்வகுடிக் குரலுக்கு அரசமைப்பில் இடம் தரலாமா என்று 2023இல் பொதுவாக்கெடுப்பில் கேட்டபோதுகூட, வாக்களித்தவர்களில் சுமார் 60 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள்.

ஆய்வாளரின் கடமை தம் இனத்தாரைக் கேட்கவைப்பது. ஸ்டானர் அதைச் செய்தார். பூர்வகுடிகளைப் பற்றி அறிய அவரைப் படிப்போம். ஆனால் அவருடைய வானொலி உரைக்கு முன்பே, 1964இல், கவிதைத் தொகுதி வெளியிட்ட ஊட்ஜெரு நூனுக்கல், இன்று எழுதிவரும் அலெக்சிஸ் ரைட் ஆகிய பூர்வகுடி எழுத்தாளர்களை முதலில் படிப்போம்.