மதிப்பெண் இருக்கிறது, மருந்து எங்கே? கர்நாடகத் தேர்வு முடிவுகள் வகுப்பறைக்குச் சொல்லும் செய்தி

பெங்களூரு: கர்நாடகத்தில் 2024ஆம் ஆண்டு எஸ்.எஸ்.எல்.சி. பொதுத்தேர்வு நடைபெற்ற அறைகள் முதன்முறையாகக் கேமராக்கள் வழியே நேரலையில் கண்காணிக்கப்பட்டன. அதன் விளைவு மே மாதம் வெளியான முடிவில் தெரிந்தது. முந்தைய ஆண்டில் 83.89 சதவீதமாக இருந்த தேர்ச்சி விகிதம் 73.40 சதவீதமாகச் சரிந்தது. கருணை மதிப்பெண்ணை 10 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக உயர்த்தி, அதைப் பெறுவதற்கான தகுதி வரம்பை 35 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாகக் குறைத்த பிறகு கிடைத்த அளவு இது. அந்தச் சலுகை இல்லாதிருந்தால் தேர்ச்சி விகிதம் பாதியைச் சற்றே தாண்டியிருக்கும். முதலமைச்சர் சித்தராமையாவே கருணை மதிப்பெண் முறையைக் கண்டித்தார். மறு ஆண்டு அது கைவிடப்பட்டபோது, முதல் தேர்வை எழுதிய 7,90,890 பேரில் 5,23,075 பேர், அதாவது 66.14 சதவீதத்தினர், தேர்ச்சி பெற்றனர்.

இரண்டே ஆண்டுகளில் மாணவர்களின் அறிவு இவ்வளவு குறைந்துவிட்டது என்று எவரும் கருதமாட்டார்கள். மாறியது அளக்கும் முறை. அளவு ஓரளவேனும் உண்மையாகிவிட்ட நிலையில், அதைக் கொண்டு கற்பித்தலையும் பாடத்திட்டத்தையும் எவ்வாறு திருத்துவது என்பதே இப்போது கர்நாடகத்தின் முன் நிற்கும் கேள்வி.

தலைகீழான தரவரிசை

மாவட்ட வாரியான முடிவுகள் இதை மேலும் தெளிவாக்குகின்றன. 2023இல் 96.80 சதவீதத் தேர்ச்சியுடன் மாநிலத்தில் முதலிடம் பிடித்தது சித்ரதுர்கா. கண்காணிப்பு வந்த ஆண்டில் அம்மாவட்டம் 72.85 சதவீதத்துடன் 21ஆம் இடத்துக்கு இறங்கியது. 96.74 சதவீதத்துடன் அதற்கு அடுத்த நிலையில் இருந்த மண்டியா 73.59 சதவீதத்துக்குச் சென்றது. முந்தைய ஆண்டில் நடுவரிசையில் இருந்த உடுப்பியும் தட்சிண கன்னடமும் 94, 92.12 சதவீதத்துடன் முதலிரண்டு இடங்களுக்கு ஏறின. தலைநகரில் பெங்களூரு தெற்கு கல்வி மாவட்டம் 79 சதவீதமும், பெங்களூரு வடக்கு 77 சதவீதமும் பெற்றன. யாத்கிரி 50.59 சதவீதத்துடன் கடைசியில் நின்றது. 2025இல் அந்த இடம் 42.43 சதவீதத்துடன் கலபுரகிக்கு வந்தது.

ஒரு மாவட்டத்தின் முதலிடத்தைப் பார்த்து அங்குள்ள கற்பித்தல் முறையைப் பிற மாவட்டங்களும் பின்பற்ற வேண்டும் என்று 2023இல் முடிவெடுத்திருந்தால், எதைப் பின்பற்றியிருப்போம்? தரவு இல்லாமல் முடிவெடுப்பதைவிடப் பிழையான தரவைக் கொண்டு முடிவெடுப்பது பெரிய தீங்கு. இல்லாததை இல்லை என்று அறிந்தவர் தேடுவார். பிழையை உண்மையென நம்பியவர் தேடுவதையே நிறுத்திவிடுவார்.

தண்டனையும் பொய்யும்

ஒரு எண்ணுடன் பரிசோ தண்டனையோ இணைக்கப்படும்போது அந்த எண்ணே சிதையத் தொடங்கும் என்று அமெரிக்க அறிஞர் டொனால்ட் கேம்பல் 1970களில் எச்சரித்தார். அந்நாட்டின் அட்லாண்டா நகரில் அது நேர்ந்தது. மாணவர்களின் விடைத்தாள்களைத் திருத்தியது உள்ளிட்ட முறைகேடுகளில் 44 பள்ளிகளைச் சேர்ந்த 178 ஆசிரியர்களும் அலுவலர்களும் ஈடுபட்டதாக 2011இல் விசாரணை அறிக்கை கூறியது. உயர்ந்துகொண்டே சென்ற மதிப்பெண்களைக் காட்டிப் பாராட்டுப் பெற்று வந்த நகரம் அது.

கர்நாடகத்திலும் தேர்ச்சி விகிதம் குறைந்தால் தலைமையாசிரியரிடமும் வட்டாரக் கல்வி அலுவலரிடமும் விளக்கம் கேட்பதே வழக்கம். விளக்கம் கேட்கப்படுபவர் முதலில் தன்னைக் காத்துக்கொள்ளவே முனைவார். எந்தப் பாடத்தில் குழந்தை தடுமாறுகிறது என்று வெளிப்படையாகச் சொல்லத் தயங்குவார்.

பெற்றோரின் அச்சமும் இத்தகையதே. 5, 8, 9ஆம் வகுப்புகளுக்கு மாநில வாரியத்தின் வழியே பொதுவான தேர்வு நடத்த அரசு முயன்றபோது, அது கல்வி உரிமைச் சட்டத்துக்கு முரணானது என்று தனியார் பள்ளி அமைப்புகள் நீதிமன்றம் சென்றன. கற்றல் நிலையை அறிவதே நோக்கம் என்றது அரசு. உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அமர்வு, இரு நீதிபதிகள் அமர்வு, உச்ச நீதிமன்றம் என வழக்கு மாறி மாறிச் சென்று, 2024 ஏப்ரல் 8 அன்று முடிவுகளை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. நோயறியும் சோதனையாக அறிவிக்கப்பட்ட ஒன்று, பொதுத்தேர்வின் சாயலில் வந்ததால் மக்களின் நம்பிக்கையைப் பெறவில்லை.

ஒரே பூச்சியம், மூன்று காரணங்கள்

தரவுக்குக் கர்நாடகத்தில் பஞ்சம் இல்லை. மாணவர் சாதனைக் கண்காணிப்பு அமைப்பான 'சாட்ஸ்' வழியே ஒவ்வொரு மாணவருக்கும் தனி எண் உண்டு. பள்ளிகளின் தரத்தை மதிப்பிடும் அமைப்பும் நீண்ட காலமாக இயங்கி வருகிறது. தேசிய அளவில் 2024 டிசம்பர் 4 அன்று நடந்த 'பரக்' ஆய்வு 3, 6, 9ஆம் வகுப்புகளைச் சேர்ந்த 21 லட்சத்துக்கும் அதிகமான மாணவர்களைச் சோதித்தது. ஆயினும் இவற்றில் பெரும்பகுதி மாநிலத்தையும் மாவட்டத்தையும் பற்றிப் பேசுகிறது. நான்காம் வகுப்பு ஆசிரியரின் முன் அமர்ந்திருக்கும் முப்பது குழந்தைகளைப் பற்றிப் பேசுவதில்லை.

எளிய கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் ஒரு குழந்தை 35 என எழுதுகிறது. ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது; அதற்குக் கழிக்கத் தெரியும், கடன் வாங்கத் தெரியவில்லை. இன்னொரு குழந்தை 79 என எழுதுகிறது. குறியைக் கவனிக்காமல் கூட்டியிருக்கிறது. மூன்றாவது குழந்தை ஒன்றும் எழுதவில்லை. வினாவைப் படிக்கவே இயலாதிருந்திருக்கலாம். மூவருக்கும் கிடைப்பது பூச்சியம். பதிவேட்டில் ஏறுவதும் அந்தப் பூச்சியமே. ஆனால் மூவருக்கும் தேவைப்படும் பாடம் வேறு வேறு. மதிப்பெண்ணைத் தொகுத்து மேலே அனுப்பும் ஒவ்வொரு படியிலும் இந்த வேறுபாடு அழிந்துபோகிறது.

காலமும் ஒரு தடை. எஸ்.எஸ்.எல்.சி. முடிவு வரும்போது அந்த மாணவர் பள்ளியைவிட்டே வெளியேறியிருப்பார். கணிதத்தில் தோற்ற பதினைந்து வயதுச் சிறுவனின் இடறல் பெரும்பாலும் மூன்றாம், நான்காம் வகுப்பில் தொடங்கியது. அதைப் பத்தாம் வகுப்பின் இறுதியில் கண்டறிவது, பயிர் கருகிய பிறகு மழையளவைக் குறிப்பதற்கு ஒப்பாகும்.

அறிக்கை மட்டும் போதாது

அவ்வாறெனில் ஒவ்வோர் ஆசிரியருக்கும் விரிவான அறிக்கை கொடுத்துவிட்டால் போதுமா? போதாது என்கிறது அண்டை மாநிலத்து அனுபவம். ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசத்தின் கிராமப்புற அரசுப் பள்ளிகளில், பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட அசீம் பிரேம்ஜி அறக்கட்டளையும் பங்கேற்ற ஆய்வுத் திட்டம் ஒன்று நடந்தது. மாணவர் எதில் பின்தங்கியுள்ளார் என்ற விரிவான அறிக்கை ஆசிரியர்களுக்கு அளிக்கப்பட்டது. பொருளியல் அறிஞர்கள் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் 2010இல் வெளியிட்ட முடிவின்படி, பார்வையாளர் வரும்போது ஆசிரியர்கள் கூடுதல் முனைப்புக் காட்டினர். மாணவர்களின் கற்றலில் முன்னேற்றம் தென்படவில்லை. ஆனால் மாணவர் முன்னேற்றத்துக்கு ஊக்கத்தொகை அளிக்கப்பட்ட பள்ளிகளில், அதே அறிக்கையைப் பயன்படுத்திய ஆசிரியர்களின் மாணவர்கள் மேம்பட்டனர். அறிக்கை தானாக எதையும் கற்பிக்காது. அதைப் பயன்படுத்த ஆசிரியருக்குக் காரணமும் நேரமும் வழியும் வேண்டும் என்பதே இதன் பொருள்.

வழி எவ்வாறு இருக்கும் என்பதற்குக் கர்நாடகத்திலேயே முன்னுதாரணம் உண்டு. 1995இல் மைசூரு மாவட்டம் எச்.டி.கோட்டையில் தொடங்கிய 'நலி கலி' முறையில், தொடக்க வகுப்புக் குழந்தைகள் கற்றல் ஏணியில் தத்தம் படியில் நின்று அட்டைகளின் துணையுடன் முன்னேறுகின்றனர். எந்தக் குழந்தை எந்தப் படியில் நிற்கிறது என்பது அன்றன்றே ஆசிரியருக்குத் தெரியும். அடுத்து என்ன செய்வது என்பதையும் அந்த ஏணியே காட்டும். அங்கே மதிப்பீடு என்பது கற்பித்தலின் ஒரு பகுதி. தனித்த சடங்கு அன்று.

தமிழ்நாடு 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரிக்கப்பட்டு, அந்தந்த நிலைக்கேற்ற பயிற்சி நூல்கள் தரப்பட்டன. அதற்கு முன் வந்த 'இல்லம் தேடிக் கல்வி' குறித்தும் நம்பகமான அளவு கிடைத்துள்ளது. பெருந்தொற்றுக் கால இழப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களில் மீட்கப்பட்டது. அம்மீட்சியில் 24 சதவீதம் இத்திட்டத்தால் நேர்ந்தது என முரளிதரனும் அவருடைய சக ஆய்வாளர்களும் கணித்தனர். பள்ளிக்கு வெளியே, தனிப்பட்ட முறையில் நடத்தப்பட்ட அளவீடு என்பதால் அந்த எண்ணுக்கு மதிப்பு உண்டு.

பாடநூலுக்கும் தேர்வு உண்டு

மாணவர் தரவு ஆசிரியரை மட்டும் நோக்கிப் பேசுவதில்லை. ஒரு வினாவுக்கு ஒரு வகுப்பில் பலர் தவறான விடை எழுதினால் கற்பித்தலைப் பார்க்க வேண்டும். அதே வினாவுக்கு மாநிலம் முழுவதும் பெரும்பாலோர் அதே தவறான விடையை எழுதினால் பாடநூலைப் பார்க்க வேண்டும். அந்தக் கருத்து உரிய வயதுக்கு முன்பே புகுத்தப்பட்டதா, அதற்கு முந்தைய படி விடுபட்டதா, பாட நாள்கள் போதாமற்போயினவா என ஆராய வேண்டும்.

பெங்களூருவில் தேர்வு வாரியம் மல்லேஸ்வரத்தில் இருக்கிறது. பாடநூலும் ஆசிரியர் பயிற்சியும் பனசங்கரியில் உள்ள அலுவலகங்களின் பொறுப்பு. ஒரே நகரத்துக்குள் இருக்கும் இந்தத் தூரத்தை, வினாவாரியான பகுப்பாய்வு ஆண்டுதோறும் கடக்க வேண்டும். பாடநூல் திருத்தம் என்றாலே எந்தத் தலைவரின் பாடம் சேர்க்கப்பட்டது, எது நீக்கப்பட்டது என்ற அரசியல் சர்ச்சையாகவே கர்நாடகத்தில் முடிகிறது. பின்னம் பற்றிய பாடத்தைக் குழந்தைகள் புரிந்துகொண்டனரா என்று கேட்பவர் இல்லை.

மொழியும் கணக்கில் சேர வேண்டும். பெங்களூரு அரசுப் பள்ளிகளில் தமிழ், தெலுங்கு, உருது பேசும் குடும்பங்களின் பிள்ளைகளும், வேலை தேடி வந்த வடமாநிலத் தொழிலாளரின் பிள்ளைகளும் பயில்கின்றனர். கணிதத் தாளில் பெற்ற குறைந்த மதிப்பெண் கணிதக் குறையா, வினாவின் மொழி புரியாத குறையா என்று பிரித்துப் பார்க்காவிட்டால் மருந்து தவறிவிடும்.

செய்ய வேண்டியவை

2025 அக்டோபரில் தேர்ச்சிக்கான வரம்பை 35 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாகக் குறைக்கும் அறிவிப்பு வெளியானது. பிற வாரியங்களுக்கு இணையாக்கும் முடிவு என்ற வகையில் அதற்கு நியாயம் உண்டு; ஓர் ஆண்டு வீணாவதிலிருந்து பலர் தப்புவர். ஆனால் அதனால் எவரும் கூடுதலாகக் கற்றுவிடப் போவதில்லை. கற்றலைத் தொடும் நடவடிக்கைகள் வேறு.

முதலாவதாக, தேர்ச்சிக்கான தேர்வையும் நோயறியும் மதிப்பீட்டையும் முற்றிலும் பிரிக்க வேண்டும். பின்னதன் முடிவை மாணவரைத் தேக்கவோ ஆசிரியருக்கு விளக்கக் கடிதம் அனுப்பவோ பயன்படுத்துவதில்லை என அரசாணையிலேயே உறுதியளிக்க வேண்டும். இரண்டாவதாக, அதைக் கல்வியாண்டின் தொடக்கத்தில் நடத்தி, சில நாள்களுக்குள் வினாவாரியான முடிவை ஆசிரியரிடம் சேர்க்க வேண்டும். மூன்றாவதாக, அதன் அடிப்படையில் பின்தங்கியோருக்குக் கற்பிக்க அன்றாடக் கால அட்டவணையில் நேரம் ஒதுக்க வேண்டும். நான்காவதாக, சிறு எண்ணிக்கையிலான பள்ளிகளில் வெளியார் மறுசோதனை நடத்தி, தரவின் நம்பகத்தன்மையைச் சரிபார்க்க வேண்டும்.

இவை அனைத்துக்கும் முன் நிபந்தனை, வகுப்பறையில் ஆசிரியர் இருப்பதே. யாத்கிரி, கலபுரகி ஆகியவை அடங்கிய கல்யாண கர்நாடகப் பகுதி பின்தங்கியுள்ளது என்பதை நஞ்சுண்டப்பா குழு 2002லேயே வட்ட வாரியாகப் பட்டியலிட்டுக் காட்டியது. இருபது ஆண்டுகள் கழித்து வந்த கேமராவும் அதே வரைபடத்தைத்தான் காட்டியிருக்கிறது. 2025இல் முதல் தேர்வில் தேர்ச்சி பெறாத 2,67,815 பேரில் ஒவ்வொருவரும் எந்த வகுப்பில், எந்தப் பாடத்தில் இடறினார் என்பதற்கான தடயம் எங்கோ ஒரு பள்ளியின் விடைத்தாளில் இருந்திருக்கும். அடுத்து வருவோரின் தடயத்தையாவது உரிய காலத்தில் படிப்பதற்கு அரசு என்ன ஏற்பாடு செய்கிறது என்பதைப் பொறுத்தே, கேமராக்களுக்குச் செலவிட்ட பணத்தின் பயன் அமையும்.