பத்திரிகை வீட்டில் ஃபேன் எங்கே? அலங்கார இதழ்களின் படங்களுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

மயிலாப்பூரிலோ அடையாறிலோ புதிதாக ஃபிளாட் வாங்கியவர் இன்டீரியர் டிசைனரைப் பார்க்கப் போகும்போது கையில் ஒரு படம் இருக்கும். முன்பு அது பளபளப்பான இதழிலிருந்து கிழித்த பக்கம். இன்று போனில் சேமித்து வைத்த படம். “இதே மாதிரி வேணும், எவ்ளோ ஆகும்?” என்பதுதான் முதல் கேள்வி.

அந்தப் படத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஒன்று புலப்படும். பெரும்பாலும் அதில் ஃபேன் இருக்காது. இன்வெர்ட்டர், ஆர்.ஓ. மெஷின், வாசலில் கிடக்கும் செருப்பு, பால்கனியில் துணி காயும் கொடி எதுவுமே இருக்காது. மே மாதச் சென்னையில் ஃபேன் இல்லாத ஹாலில் யார் உட்காருவார்கள்?

படம் பொய் என்பதில்லை. அது வேறொரு வேலைக்காக எடுக்கப்பட்ட படம். அந்த வேலை என்னவென்று தெரியாமல் அதையே எஸ்டிமேட்டாக எடுத்துக்கொண்டால், வீட்டுக்காரருக்கும் நஷ்டம், டிசைனருக்கும் தலைவலி.

ஒரு வீடு இதழில் எப்படி இடம்பிடிக்கிறது?

இந்தியாவில் வீட்டு அலங்காரத்துக்கென இதழ்கள் வரத் தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. ‘இன்சைட் அவுட்சைட்’ முன்னோடி. 2000இல் ‘எல் டெகோர்’ இதழின் இந்தியப் பதிப்பும், 2012இல் ‘ஆர்க்கிடெக்சுரல் டைஜஸ்ட்’ இதழின் இந்தியப் பதிப்பும் வந்தன. இப்போது அதே இதழ்களின் இணையதளமும் இன்ஸ்டாகிராம் பக்கமும் அச்சுப் பிரதியைவிட அதிகம் பேரைச் சென்றடைகின்றன.

இதழின் ஆட்கள் ஊர் ஊராகப் போய் நல்ல வீடுகளைத் தேடிப் பிடிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது தலைகீழ். வேலை முடிந்ததும் டிசைனரே போட்டோகிராபரை வைத்துப் படம் எடுத்து இதழுக்கு அனுப்புகிறார். வீட்டுக்காரரின் சம்மதம் வாங்குவதும் அவர் பொறுப்பு. வேறெங்கும் வெளிவராத வீட்டையே இதழ்கள் விரும்புகின்றன. அதனால் பதில் வரும்வரை அந்தப் படங்களைத் தன் சொந்தப் பக்கத்தில்கூடப் போடாமல் காத்திருக்க வேண்டியிருக்கும். இடம் கிடைக்காவிட்டால் போட்டோ செலவு அவர் தலையில்தான்.

இவ்வளவுக்கும் ஏன் ஆசைப்படுகிறார்கள்? ஒரு பக்கம் வெளியானால் அதுவே விசிட்டிங் கார்டு. ‘ஆர்க்கிடெக்ட்’ என்ற பட்டத்துக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. பதிவு பெற்றவர் மட்டுமே அப்படிப் போட்டுக்கொள்ள முடியும். ‘இன்டீரியர் டிசைனர்’ என்ற பெயருக்கு அப்படியொரு சட்டம் இல்லை. யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். நிஜமாகவே வேலை தெரிந்தவர் தன்னைத் தனித்துக் காட்ட இதழைத்தான் நாட வேண்டியிருக்கிறது. ஆர்க்கிடெக்ட்டுகளுக்கோ வேறு காரணம். 1989ஆம் ஆண்டு நடத்தை விதிகள், சில விலக்குகள் தவிர, அவர்கள் விளம்பரம் செய்வதைத் தடுக்கின்றன. இதழில் வரும் கட்டுரை அந்த இடத்தை நிரப்புகிறது.

படத்தில் எவ்வளவு நிஜம்?

படப்பிடிப்பு நாளன்று வீடு வீடாக இருக்காது. பூச்சாடி, குஷன், கனமான புத்தகங்கள் வெளியிலிருந்து வந்து இறங்கும். மிக்ஸியும் மருந்து டப்பாவும் அடுத்த அறைக்குப் போகும். மிச்சத்தைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் உள்ள ஒரு மாளிகையின் படங்களை அமெரிக்க ‘ஆர்க்கிடெக்சுரல் டைஜஸ்ட்’ 2021இல் வெளியிட்டது. அதன் முற்றத்தில் வெறும் பீடங்கள் மட்டும் தெரிந்தன. அதே முற்றத்தின் இன்னொரு படத்தில் அந்தப் பீடங்களின் மேல் பழங்கால கெமர் சிலைகள் இருந்ததை ‘வாஷிங்டன் போஸ்ட்’ 2022இல் அம்பலப்படுத்தியது. அவற்றில் சில தங்கள் நாட்டிலிருந்து திருடுபோனவை என்றது கம்போடியா. படங்களை வெளியிடும் உரிமை முடிவாகாததால் சிலைகளைத் தவிர்த்ததாக இதழ் விளக்கம் சொன்னது. சிலைகளையே மறைக்க முடியுமென்றால் ஃபேனை மறைப்பது எம்மாத்திரம்?

ஐகியா நிறுவனம் 2016ஆம் ஆண்டு கேட்லாகை 32 மொழிகளில் 20 கோடி பிரதிகள் அச்சிட்டது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே அதன் பொருட்களின் படங்களில் பெரும்பகுதி கம்ப்யூட்டரில் உருவாக்கப்பட்டவை. இப்போது ஏ.ஐ. வந்துவிட்டது. கட்டவே படாத வீட்டின் படத்தைக் காட்டி “இதே மாதிரி வேணும்” என்று கேட்கும் காலம் இது.

சென்னைக்கு எது ஒத்துவரும்?

கதவில்லாத திறந்த அலமாரி படத்தில் அழகு. தி.நகரில் உஸ்மான் சாலையை ஒட்டிய வீட்டில் அது இரண்டு நாளில் தூசி படிந்துவிடும். ஹாலோடு சேர்ந்த ஓப்பன் கிச்சனில் தினமும் தாளித்தால் சோபா வரை கடுகு வாசம் அடிக்கும். பெசன்ட் நகர் பக்கம் உப்புக் காற்றில் சாதாரணக் கீல்களும் கைப்பிடிகளும் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

தண்ணீர் இன்னொரு பாடம். 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறியபோது கோட்டூர்புரம், சைதாப்பேட்டை பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு போன்றவை தண்ணீரில் ஊறினால் உப்பிவிடும், பிறகு பழைய நிலைக்கு வராது. பிளைவுட்டில் ஐ.எஸ். 303 என்பது பொதுப் பயன்பாட்டுக்கான தரம், ஐ.எஸ். 710 என்பது மரைன் ரகம். மேலே லேமினேட் ஒட்டிவிட்டால் படத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். விலையிலும் ஆயுளிலும்தான் வித்தியாசம்.

டிசைனர் கவனிக்க வேண்டியது என்ன?

காசு கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னவரே, வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், படத்தின் முதல் உரிமையாளர் என்கிறது 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டம். போட்டோகிராபருடன் போடும் ஒப்பந்தம் இதை மாற்றிவிடக்கூடும். கையெழுத்துப் போடும் முன் படிப்பது நல்லது.

இன்னொரு சிக்கல் பலருக்குத் தெரியாது. டிசைனர் சொந்தமாக உருவாக்கிய நாற்காலியையோ விளக்கையோ 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டப்படி பதிவு செய்தால் பத்து ஆண்டுகள் பாதுகாப்பு கிடைக்கும், மேலும் ஐந்து ஆண்டுகள் நீட்டிக்கலாம். ஆனால் பதிவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே அது வெளியாகியிருந்தால் புதிய வடிவமாகக் கருதப்படாது. இதழில் படம் வந்த சந்தோஷத்திலேயே உரிமை கைநழுவலாம். முதலில் விண்ணப்பம், பிறகு படம் என்பதே சரியான வரிசை.

கட்டுரையா, விளம்பரமா?

டைல்ஸ், பெயின்ட், பாத்ரூம் ஃபிட்டிங் நிறுவனங்களின் விளம்பரம்தான் இத்தகைய இதழ்களுக்குப் பெரிய வருமானம். விளம்பரத்தைச் செய்தியிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டும் என்பது பிரஸ் கவுன்சிலின் நெறி. சமூக வலைதளங்களில் காசு மட்டுமல்ல, இலவசப் பொருள் வாங்கிக்கொண்டு பரிந்துரைத்தாலும் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கின்றன 2021ஆம் ஆண்டு விளம்பரத் தரக் கவுன்சில் விதிகள். மத்திய அரசும் 2022, 2023ஆம் ஆண்டுகளில் இதற்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. ஒரு வீட்டுப் படத்தின் கீழ் பிராண்டு பெயர்கள் வரிசையாக நின்றால், வாசகர் ஒருமுறை நிதானிப்பது நல்லது.

அப்படியானால் படம் வேண்டாமா?

வேண்டும். மனதில் இருப்பதைச் சொல்லத் தெரியாதவருக்குப் படம்தான் மொழி. எந்த நிறம் பிடிக்கும், வெளிச்சம் எப்படி வேண்டும் என்பதை டிசைனர் அதிலிருந்தே புரிந்துகொள்கிறார். கூடவே சில கேள்விகளையும் கொண்டுபோக வேண்டும். ஃபேன் எங்கே வரும்? துணி எங்கே காயும்? பிளைவுட் எந்த ரகம்? எது டிசைன் கட்டணம், எது பொருள் செலவு? அந்த டிசைனர் முடித்துக் கொடுத்து மூன்று வருடமான வீடு ஒன்றை நேரில் பார்க்க முடியுமா?

கடைசிக் கேள்விதான் முக்கியம். இதழில் வந்தது வேலை முடிந்த புதிதில் எடுத்த படம். மூன்று மழைக்காலம் கண்ட அலமாரிக் கதவை ஒருமுறை திறந்து மூடிப் பார்த்தால், எந்தப் பக்கத்திலும் அச்சாகாத விஷயம் தெரிந்துவிடும்.