சருவச்சட்டியும் சைரனும்



இம்முறை வீட்டுக் கதவைப் பற்றி எழுதுகிறேன். ஆம்பிளைத் துணை இல்லாத வீட்டில் இரவு எப்படிக் கழிகிறது என்பதை உங்களில் பலருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாய் குரைத்தால் எழும்புவோம். காற்றுக்குத் தகரம் அடிபட்டாலும் எழும்புவோம். விடியப்புறம் நான்கு மணிக்குத்தான் கொஞ்சம் கண்ணயர்வோம். 2010 இல் மீளக்குடியேறிய நாளிலிருந்து எனக்கு இதே பழக்கம்.

அப்போது தறப்பாள் கொட்டில், கதவே கிடையாது. 2011 ஆவணியில் கிறீஸ் பூதம் என்ற பயம் மலையகம், கிழக்கு என்று பரவி வடக்குக்கும் வந்தபோது நான்கு வீட்டுப் பெண்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒரே கொட்டிலில் படுத்தோம். அம்மாதான் வாசலுக்குக் குறுக்கே கயிறு கட்டி, வெறும் மீன் ரின்களைக் கோத்துத் தொங்கவிட்டார். பிறகு 2013 இல் இந்திய வீட்டுத்திட்டத்தில் 550,000 ரூபா கட்டம் கட்டமாகக் கிடைத்து வீடு எழும்பியது. கதவும் வந்தது. ஆனாலும் அம்மா விடவில்லை. படுக்கப் போகும்போது கதவோடு ஒரு கதிரை, கதிரையின் விளிம்பில் ஒரு சருவச்சட்டி. கதவு அசைந்தால் சட்டி விழும்.

அந்த வீட்டில் இப்போது தங்கச்சி குடும்பம் இருக்கிறது. நானும் அம்மாவும் மகளும் சென்ற வருடம் இரணைமடுச் சந்திக்கு உட்புறமாகப் புது வீடு கட்டிக் குடிவந்தோம். முதிரை நிலை, கம்பி போட்ட யன்னல், பூச்சு, பெயின்ற் எல்லாம் முடித்துத்தான் வந்தோம். வந்து இரண்டு மாதமாகவில்லை. ஒரு இரவு யாரோ குசினி யன்னலைத் தள்ளிப் பார்த்த சத்தம் கேட்டது. காலையில் முருங்கைக்குக் கீழே செருப்புக் கால் அடையாளம். யார் என்று இன்றுவரை தெரியாது. உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகள் அன்றோடு தன் அறையில் படுப்பதை நிறுத்திவிட்டாள். அதுதான் என்னைச் சுட்டது.

ஊரில் வயரிங் வேலை செய்யும் தம்பியைக் கூப்பிட்டேன். சுற்றிப் பார்த்துவிட்டு, "அக்கா, பூச்சு பூசமுதல் சொல்லியிருந்தியள் எண்டால் வயரைச் சுவருக்குள்ளாலயே விட்டிருப்பன்" என்றான். புது வீடு கட்டப்போகும் சகோதரிகள் இந்த ஒரு வசனத்தை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கதவு, யன்னல் நிலைகளின் மேல் மூலைக்கு ஒவ்வொரு குழாய் விட்டுவைத்தால் போதும். வயரைப் பிறகும் இழுக்கலாம்.

வயர் இல்லாத சென்சரும் கடையில் உண்டு. ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சின்னப் பற்றறி. ஒன்பது கதவு யன்னலுக்கு ஒன்பது பற்றறி. எது எப்போது செத்தது என்று யார் பார்த்துக்கொண்டிருப்பது? நான் வயரைத்தான் கேட்டேன்.

சாமான் பெரிய விசயமில்லை. ஒரு சிறு கண்ணாடிக் குழாய்க்குள் மெல்லிய இரண்டு உலோகத் தகடுகள். பக்கத்தில் காந்தம் வந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், காந்தம் விலகினால் பிரியும். அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் வோல்ற்றர் எல்வூட் என்பவர் 1936 இல் ரெலிபோன் வேலைக்காகக் கண்டுபிடித்த சுவிச் இது. குழாயை நிலையிலும் காந்தத்தைக் கதவிலும் பூட்ட வேண்டும். கதவு சாத்தியிருக்கும் வரை தகடுகள் ஒட்டியிருக்கும், மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். திறந்தால் ஓட்டம் நின்றுவிடும். நடுவில் உள்ள பெட்டி அதை அறிந்து சைரனை அலறவிடும். சைரனை நேரே இந்தச் சுவிச்சோடு கொழுவக்கூடாது, தகடுகள் கருகிவிடும்.

அம்மா கதிரையில் இருந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். "வாறவன் வயரை வெட்டிப்போட்டு வந்தால் என்ன செய்யும்?" என்று கேட்டார். தம்பி சிரித்துவிட்டான். "வெட்டினாலும் ஓட்டம் நிக்கும் அம்மா, அப்பவும் கத்தும்." 1853 இல் அகஸ்ரஸ் போப் என்ற அமெரிக்கர் கள்ளனுக்கு மணியடிக்கும் மின்கருவிக்கு முதன்முதலில் உரிமம் எடுத்தபோது, கதவு திறந்தால்தான் மின்சாரம் ஓடி மணி அடிக்கும். வயரை அறுத்தால் அது ஊமை. அம்மா கேட்டது அந்த நாள் கருவிக்குச் சரியான கேள்வி.

வேலை இரண்டு நாள் எடுத்தது. முதிரை நிலை லேசில் துளைபடாது. ட்ரில் அலகு இரண்டு முறிந்தது. ஆகவே குழாயை நிலைக்குள் பதிக்கும் எண்ணத்தை விட்டு, மேலே திருகாணியால் பூட்டும் பிளாஸ்ரிக் வகையை வாங்கினோம். சாத்தியிருக்கும்போது இரண்டுக்கும் இடையில் சின்ன விரல் மொத்தத்துக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது. குசினிக் கதவு இரும்புத் தகடு. இரும்பு காந்தத்தின் பலத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால் அடியில் ஒரு பலகைத் துண்டை வைத்துப் பூட்டினோம். ஒவ்வொரு சுவிச்சையும் பூட்டமுதல் மகள் மீற்றரில் பிடித்துப் பார்த்தாள். வயரை கேசிங்குக்குள் விட்டு கூரை விளிம்போடு கொண்டுபோனோம். வீட்டு மின்சார வயர் போகும் கேசிங்குக்குள் இதை விடக்கூடாது. அது 230 வோல்ற்று, இது 12 வோல்ற்று.

பெட்டியும் பற்றறியும் எட்டாத உயரத்தில். 2018 மார்கழியில் இரணைமடுக் கதவுகள் திறந்தபோது வந்த வெள்ளத்தைக் கண்டவர்களுக்குக் காரணம் விளங்கும். பற்றறி ஏன் என்று கேட்கலாம். 2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததே! கள்ளனுக்கு இருட்டுத்தான் வாய்ப்பு. விலைகளை நான் இங்கே எழுதவில்லை, மாதத்துக்கு மாதம் மாறுகிறது. ஆனால் ஒன்று சொல்வேன். யன்னலுக்குக் கம்பியும் கதவுக்கு நல்ல திறாங்கும் இல்லாதவர்கள் முதலில் அந்தக் காசை அதற்குச் செலவழியுங்கள். சைரன் சத்தம்தான் போடும், ஆளைத் தடுக்காது.

கதவுகளுக்கு ஒரு வரிசை, யன்னல்களுக்கு வேறு வரிசை. புழுக்கமான இரவில் யன்னல் வரிசையை மட்டும் நிறுத்திவிட்டுத் திறந்து படுக்கலாம். எங்கள் மலசலகூடம் வெளியே. அம்மா இரவில் இரண்டு தரம் எழும்புவார். அதனால் நிறுத்தும் சுவிச்சை அவருடைய கட்டிலருகே வைத்தோம். முதல் கிழமையில் மூன்று முறை மறந்து போய்க் கதவைத் திறந்தார். மூன்று முறையும் நாங்கள் துள்ளி எழும்பினோம்.

உண்மையான சோதனை ஐப்பசி மழையோடு வந்தது. இரவு இரண்டு மணி. சைரன் அலறுகிறது, அம்மாவோ கட்டிலில். மகள் என் கையைப் பிடித்த பிடி இன்னும் நினைவிருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா ரோச் லைற்றும் கத்தியுமாகத் தனியே ஓடிவந்தார். பார்த்தால் யாருமில்லை. மழைக்குப் பின்கதவின் பலகை ஊதி, திறாங்கு போட்டும் கதவு நிலையோடு சரியாகப் பொருந்தவில்லை. இடைவெளி கூடியதால் சுவிச் பிரிந்துவிட்டது.

எனக்குப் பொய்ச் சத்தம் பெரிதாகப் படவில்லை. ஒழுங்கையில் ஆறு வீடு இருக்க ஒருவர் மட்டும் வந்தார் என்பதுதான் உறுத்தியது. காலையில் விசாரித்தேன். "ஏதோ வாகனம் எண்டு நினைச்சம்" என்றார்கள். அவர்களில் பிழையில்லை, நான்தான் சொல்லிவைக்கவில்லை. அந்த ஞாயிறு எல்லோரையும் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்து, பகலிலேயே சைரனை அடித்துக் காட்டினேன். சத்தம் கேட்டால் எல்லா வீட்டிலும் வெளி லைற்றைப் போடுவது, எனக்கு அழைப்பது, நான் எடுக்காவிட்டால் 119 க்கு அழைப்பது, இரண்டு பேராகத்தான் வெளிக்கிடுவது என்று பேசி முடிவெடுத்தோம். ஒரு தங்கச்சி கடைசியில் நின்று, தன் பயம் வெளியிலிருந்து வருபவனால் இல்லை என்று மெல்லச் சொன்னாள். அவளுக்குப் பெண்களுக்கான 1938 இலக்கத்தை எழுதிக் கொடுத்தேன். நேரம் பார்க்காமல் எங்கள் கதவைத் தட்டச் சொன்னேன். தட்டினால் சைரன் அடிக்காது, திறந்தால்தான் அடிக்கும் என்று அம்மா விளக்கம் சொன்னார்.

மகள் இப்போது தன் அறையில் படுக்கிறாள். மாதத்தின் முதல் ஞாயிறு அவளே ஒவ்வொரு கதவாகத் திறந்து பரிசோதிக்கிறாள். அம்மா இரவில் சருவச்சட்டியைக் கதிரையில் வைப்பதை நிறுத்தவில்லை, நாங்களும் சொல்வதை விட்டுவிட்டோம். பின்கதவின் விளிம்பைச் சீவித்தர வருகிறேன் என்ற ஆசாரியார்தான் இன்னும் வரவில்லை. அவர் வந்து சீவியதும் அந்தக் காந்தத்தைக் கழற்றித் திரும்பப் பூட்ட வேண்டும்.